கரையாத சிவப்பு

சாரல் காலத்தில் நீங்கள் குற்றாலம் சென்றிருக்கக் கூடும். அருவியில் நீராடியவர்கள் ஈரத் துணிகளைப் பிழிந்து, ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறுவார்கள். வீட்டில் மூட்டையைப் பிரித்ததும் ஒரு கூக்குரல் எழும். புதிதாக வாங்கிய புள்ளித் துப்பட்டாவின் சிவப்பு, அப்பாவின் வெள்ளை வேட்டியில் திட்டுத் திட்டாக ஏறியிருக்கும்! அதே மூட்டையில் பாட்டியின் சிவப்புச் சுங்குடிச் சேலையும் நனைந்துதான் கிடந்தது. அது மட்டும் ஏன் சாயம் விடவில்லை? இதற்கு விடை தேடினால் ஒரு நெடிய வரலாறு விரிகிறது.

துப்பட்டா என்ற சொல் வடக்கிலிருந்து வந்தது. ஆனால் போர்த்தும் துணி நமக்குப் புதிதன்று. பெண்கள் அணிந்த தாவணியும், தென்காசி வட்டாரத்து முஸ்லிம் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியும் அதன் உறவுகளே. புள்ளி வைத்த துணிக்கோ மதுரைதான் பெயர் பெற்ற ஊர். அங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்கள், துணியை இடம் இடமாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கினார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. அவிழ்த்ததும் அங்கே வெள்ளைப் புள்ளி மலரும். இதுவே சுங்குடி. 2005-06ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

புள்ளி போடுவது கைத்திறன். சிவப்பை நிலைநிறுத்துவதோ வேதியியல்! பருத்தி இழை, செடிகளின் சாயத்தை எளிதில் பற்றாது. சும்மா முக்கினால் அடுத்த சலவையிலேயே வெளுத்துவிடும். நம் சாயக்காரர்கள் முதலில் துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் ஊற வைத்தார்கள். பிறகு படிகாரம் ஏற்றினார்கள். அதன் பின்னரே இம்பூறல் என்னும் சாயவேரை இட்டுக் கொதிக்க வைத்தார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும், மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். இத்தகைய பொருளுக்கு 'நிறமூன்றி' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! இந்தக் கலையின் தொன்மையும் வியப்பூட்டுவது. மொகஞ்சதாரோவில் கிடைத்த, 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பருத்தித் துணித் துணுக்கு ஒன்றில் மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு ஏறியிருக்கிறது.

சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகள் துவைத்தும் வெளுக்காதது கண்டு ஐரோப்பியர் திகைத்தார்கள். இரகசியத்தை அறியத் துடித்தார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742இல் கடிதமாக எழுதித் தாயகத்துக்கு அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த அறிவு இவ்வாறு ஏட்டில் ஏறியது. எழுதியவர் பெயர் நிலைத்தது. சொல்லித் தந்தவர்களின் பெயர்களோ மறைந்தன.

1856இல் இங்கிலாந்தில் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் தற்செயலாக ஒரு செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானியர் இருவர், சாயவேரில் உள்ள அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். மலிவான செயற்கைச் சாயம் வந்தபின் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு என்னவாகும்? சாயவேர் வழக்கொழிந்தது.

இன்றைய சாயங்கள் பலவகை. நேரடிச் சாயங்கள் இழையைத் தளர்வாகவே பற்றியிருக்கும். நீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். 1956இல் விற்பனைக்கு வந்த வினைச்சாயங்கள் இழையோடு வேதிப் பிணைப்பே கொள்கின்றன. அவற்றிலும் பிணையாது எஞ்சிய சாயத்தைப் பட்டறையில் நன்றாக அலசி நீக்காவிட்டால், அது உங்கள் வாளியில்தான் இறங்கும்.

ஆகவே புதுத் துப்பட்டாவை முதலில் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை அதன் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியே, குளிர்ந்த நீரில் அலசுங்கள். உப்பு நீரில் ஊற வைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்பார்கள். சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நிறத்தை இழைப்பக்கம் தள்ளும். வீட்டு வாளியில் அது சாயம் கழல்வதைச் சற்றுத் தாமதப்படுத்தலாமே தவிர, தளர்ந்த சாயத்தை நிரந்தரமாகப் பிணைக்காது. வெயிலும் நிறத்தைச் சிதைக்கும், நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டவே வேண்டாம். கடுக்காய் ஏற்றிய துணியைத் தோளில் குத்தும்போது துருப்பிடித்த ஊசியைத் தவிருங்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் கறுப்பு! பழைய சாயக்காரர்கள் கறுப்புக் கோடு வரைந்ததே இந்த முறையில்தான்.

அடுத்த முறை குற்றாலத்திலிருந்து திரும்பும்போது பாட்டியின் சேலையைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சிவப்பு ஏன் கரையவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் சாயம் தோய்க்கும் முதியவர் எவரேனும் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.