இறுதிச் சொல்லில் ஓர் 'உம்'

பெரியோரின் இறுதி மொழிகளை அறிந்துகொள்வதில் நம் அனைவர்க்கும் ஆர்வம் உண்டு. உயிர் பிரியும் வேளையில் மனிதன் வேடமிடுவதில்லை என நாம் நம்புகிறோம். ஆயினும், அம்மொழிகள் வாய்வழி வருகையில் ஓரிரு எழுத்துகள் மாறிவிடுகின்றன. அவற்றோடு பொருளும் மாறிவிடுகிறது. இங்கிலாந்து நாட்டு மறைசாட்சி புனித தாமஸ் மோரின் கடைசிச் சொற்கள் இதற்குச் சான்று.

மோர் நகைச்சுவையில் வல்லவர். அவர் பெயரே ஒரு சிலேடைக்கு இடந்தந்தது. 'மோரியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மடமை என்பது பொருள். அவருடைய நண்பர் எராஸ்முஸ் 1511-இல் வெளியிட்ட 'மடமையின் புகழ்ச்சி' என்னும் நூலின் இலத்தீன் தலைப்பு, 'மோரின் புகழ்ச்சி' என்றும் பொருள்படும்.

1529-இல் நாட்டின் சான்சலராகி, 1532-இல் அப்பதவியைத் துறந்த மோர், எட்டாம் ஹென்றி மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்தார். மனச்சான்று இடங்கொடாததே காரணம். 1535 ஜூலை 6 அன்று இலண்டனில் அவர் தலை வெட்டப்பட்டது. கொலைமேடையின் படிகள் ஆட்டங்கண்டிருந்தன. தம்மைப் பத்திரமாய் ஏற்றிவிடும்படியும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் காவல் அதிகாரியிடம் சொன்னாராம். இவரை அறிவுள்ள மூடர் என்பதா, மூடரான அறிவாளி என்பதா என, அக்காலத்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் சலித்துக்கொண்டார்.

மேடையில் அதிகம் பேசலாகாது என்பது மன்னரின் ஆணை. எனவே மோர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எடை மிக்கது. தாம் மன்னரின் நல்ல ஊழியன், 'ஆனால்' முதலில் கடவுளின் ஊழியன் என்று அவர் கூறியதாகவே பலரும் எடுத்துரைப்பர். ஆனால், அவர் இறந்த சில வாரங்களில் பாரிஸ் நகரில் பிரெஞ்சு மொழியில் பரவிய செய்திமடலில் அந்த 'ஆனால்' இல்லை. மன்னரின் நல்ல ஊழியனாகவும், முதற்கண் கடவுளின் ஊழியனாகவும் இறப்பதாக அவர் கூறினார் என்பதே அம்மடல் தரும் செய்தி.

ஒரு சிறு இடைச்சொல்தானே எனலாம். எனினும், 'ஆனால்' என்பது மன்னரையும் கடவுளையும் எதிரெதிரே நிறுத்துகிறது. 'உம்' இரு கடமைகளையும் இணைத்து, எது முதல் என்பதையும் மறவாதிருக்கிறது. கடவுளுக்கு முதலிடம் தந்ததாலேயே மோர் மன்னருக்குப் பொய்யுரைக்காத ஊழியராய் இருக்க முடிந்தது. தம்மைக் கொல்லும் மன்னரையும் அவர் பகைவராய்க் கருதவில்லை. அம்மேடையில் நின்றே அவருக்காக மன்றாடும்படி மக்களை வேண்டினார்.

திருச்சபை 1935-இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. 2000-இல் அரசியலாளரின் பாதுகாவலராகவும் அறிவித்தது. அலுவலகத்தில் மேலதிகாரியின் தவறான ஆணைக்குக் கையொப்பமிட மறுக்க நேரும்போது, மறுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மறுக்கும் அவ்வேளையிலும் அவருடைய நலனை நாடுகிறோமா என்று அந்த 'உம்' நம்மைக் கேட்கிறது.