ஆலைக்குள் ஒரு வயிறு

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் பிள்ளைக்கு வயிறு போனால் யாரும் முதலில் மருந்துக்கு ஓடமாட்டார்கள். அடுப்பில் தண்ணீர் ஏறும். ஒரு கைப்பிடி ஜவ்வரிசி அதில் விழும். மணி கண்ணாடியாகும்வரை வேகவிட்டு, கல் உப்பு போட்டு, மோர் கொஞ்சம் ஊற்றி, அம்மாயி கிண்ணத்தை நீட்டும். "வவுத்துக்கு ஒன்னும் பண்ணாது சாமி, குடி." முப்பத்திரண்டு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். அந்த "ஒன்னும் பண்ணாது" என்ற சொல்லின் அர்த்தம் பிடிபட எனக்கு அத்தனை வருஷமும் ஆனது.

ஜவ்வரிசி எங்கள் மண்ணின் பழம்பொருள் அல்ல. பெயர் ஜாவாவிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். வெந்தால் சவ்வுபோல் ஆவதால் சவ்வரிசி என்பார்கள் சிலர். ஆதியில் அது மலாய்த் தீவுகளில் ஒருவகைப் பனையின் தண்டைப் பிளந்து எடுத்த மாவு. கப்பலில் வந்தது. எங்கள் ஜவ்வரிசியோ கிழங்கின் பிள்ளை. பிரேசில் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்த மரவள்ளி அது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி கிடைக்காத ஏழைகள் பசியாறட்டும் என்று அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கினார். நாங்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். குச்சியை ஒடித்து நட்டால் முளைக்கும்; ஒன்பது பத்து மாதத்தில் கிழங்கு வைக்கும்; வானம் பொய்த்தாலும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. எங்கள் மேட்டுக்காட்டுக்கு வேறென்ன வேண்டும்?

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின. ஜவ்வரிசி வந்த கப்பல்கள் நின்றன. சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்தவர் மாணிக்கம் செட்டியார். கேரளாவுக்கு அடிக்கடி போய்வந்ததால் மரவள்ளி அவருக்குத் தெரிந்த சரக்கு. பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவுக்கு அந்தக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் வித்தை தெரியும். இருவரும் சேர்ந்து 1943இல், கையில் கிடைத்த சாமான்களை வைத்து, சேலத்தில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். கருவாட்டுக்காரர் கையால் நோயாளிக் கஞ்சிக்கு வழி பிறந்தது என்று எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பேன். போர் முடிந்தது. மில்கள் முடியவில்லை, சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று பரவின.

அம்மா அப்படியொரு சேகோ மில்லில் கிழங்கு சீவப் போனது அறுபதுகளில். வண்டியில் வந்த கிழங்கை மலையாகக் கொட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து பெண்கள் கத்தியால் தோலைக் கீறி உரிப்பார்கள். கிழங்குப் பால் பட்டுப்பட்டு அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். வீட்டுக்கு வந்தால் புடவையில் ஒரு புளித்த வாடை. மோரும் இல்லை, கள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

சாப்பாடு கொண்டுபோகும்போது நான் நின்று பார்ப்பேன். சீவிய கிழங்கை அலசி, பல் வைத்த உருளைக்குள் தள்ளுவார்கள். கூழாய்ப் போவதன் மேல் தண்ணீரை அடித்துச் சலிப்பார்கள். சல்லடைக்கு மேலே தங்குவது திப்பி. கீழே இறங்குவது பால். பால் தொட்டியில் ராத்திரி முழுக்க நிற்கும். காலையில் மேல்தண்ணீரை வடித்தால் அடியில் சுண்ணாம்புத் தரைபோல மாவு படிந்திருக்கும். அதை மண்வெட்டியால் வெட்டி எடுத்து, உதிர்த்து, துணித்தூளியில் போட்டு ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்டத் தூள் உருண்டு மணியாகும். எண்ணெய் தடவிய சூட்டுத்தட்டில் அதை வறுத்து, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. பின்னாளில் ஆவியில் வேகவைத்து எடுக்கும் நைலான் ஜவ்வரிசியும் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் ஒருநாள் என்னை ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவரச் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாயில் நீர்த்த கஞ்சியை ஊற்றி, ஒன்றில் மட்டும் எச்சில் துப்பச் சொன்னார். துப்பியவன் அதைக் கைக்குள் பொத்திக் கதகதப்பாக வைத்திருந்தான். கால்மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு டிஞ்சர் அயோடின். எச்சில் படாதது மசிபோலக் கறுநீலமானது. எச்சில் பட்டது வெறும் தேநீர் நிறத்தில் நின்றது. "எச்சில்ல அமைலேஸ்னு ஒன்னு இருக்குடா. அது மாவுச் சங்கிலிய வெட்டிச் சர்க்கரையாக்கிருச்சு," என்றார். சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். "நாங்க நாப்பூரா அரைச்சு எடுக்கற மாவு, ஒருத்தன் எச்சி துப்புனாக் காணாமப் போயிருமா?" என்று கேட்டது.

காணாமல்தான் போகும். வாயில் தொடங்கும் அந்த வெட்டு வேலை இரைப்பையின் அமிலத்தில் நின்றுவிடும். சிறுகுடல் முகப்பில் கணையம் தன் அமைலேஸைக் கொட்டி மிச்சத்தை வெட்டும். குடல் சுவரின் நொதிகள் கடைசிக் கணுவையும் அறுத்துக் குளுக்கோஸாக்கும். அது ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டு மில்லை நினைத்தால் எனக்கு வயிறுதான் தெரிந்தது. உருளையின் பல் மெல்லுகிறது. சல்லடை நாரைப் பிரிக்கிறது. சூட்டுத்தட்டு பாதி வேகவைக்கிறது. அடுப்பு மீதியை முடிக்கிறது. களைத்த குடலுக்கு மிச்சமிருப்பது வெட்டி உறிஞ்சும் வேலை மட்டும். நார் இல்லை, கொழுப்பு இல்லை, புரதமும் பேருக்குத்தான். அம்மாயி சொன்ன "ஒன்னும் பண்ணாது" இதுதான்: வயிறு பண்ணவேண்டியதில் பாதியை மில் ஏற்கெனவே பண்ணிவிட்டது.

உப்பு போட்டதற்கும் கணக்கு உண்டு. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை வாய்வழி கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். நான் பிற்பாடு கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். கஞ்சி அந்தப் பொட்டலத்துக்கு ஈடல்ல. குழந்தை சோர்ந்தால் பொட்டலம்தான். ஆனால் இரண்டும் தட்டும் கதவு ஒன்று.

மில் செய்த இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. "ஆட்டக் கெழங்குக் காட்டுப் பக்கம் உட்டுறாத" என்று அம்மா என்னை விரட்டிக்கொண்டே இருக்கும். மரவள்ளி இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் உண்டு. நசுங்கினால் அதிலிருந்து சயனைடு பிறக்கும். அரைத்து, தண்ணீரில் அலசி, சூடுகாட்டி, வெயிலில் காயவைக்கும்போது அது நீரோடும் காற்றோடும் போய்விடும். வீட்டில் அம்மா தோலை உரித்து, துண்டுபோட்டு, திறந்த பானையில் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடும். ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான்" என்பதே பதில்.

அந்தச் சயனைடு கணையத்தின் பேரிலும் ஒரு வழக்கைக் கொண்டுவந்தது. 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சுய்டமா என்ற மருத்துவர், வறிய நோயாளிகளின் கணையத்தில் கல் படிவதை எழுதினார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் அப்படிப்பட்டவர்களைக் கூட்டம்கூட்டமாகக் கண்டு பதிவுசெய்தார்: இளவயது, மெலிந்த உடம்பு, சாப்பிட்டால் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், பிறகு சர்க்கரை நோய். மரவள்ளிதான் குற்றவாளி என்று 1979இல் அவரும் மெக்மில்லனும் எழுதினார்கள். பின்னாளில் மரவள்ளியைத் தொடாதவர்களிடமும் அதே நோய் தென்பட்டது. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் கோளாறு பலரிடம் வெளிப்பட்டது. கிழங்கு மட்டுமே குற்றவாளி என்று இன்று யாரும் சொல்வதில்லை. மாவைச் செரிக்கும் உறுப்பைக் கெடுத்ததாக மாவுக்கிழங்கே கூண்டில் ஏறி நின்ற வழக்கு என்பதால் அது எனக்கு மறக்கவில்லை.

என் கணையம் வேறு வழியில் தளர்ந்தது. ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. அமாவாசைக்கு வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்தால் எனக்கு ஒரு கரண்டிதான். நோயாளிக்கு எது வரமோ அது எனக்குச் சாபம். மில் பாதி வேலையை முடித்துக் கொடுப்பதால் குளுக்கோஸ் ரத்தத்தில் குபீரென்று ஏறிவிடும். நாங்கள் செய்யும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு வடக்கே, முக்கியமாக மகாராஷ்டிராவுக்குப் போகிறது. அங்கே அது விரதச் சாப்பாடு, சாபுதானா கிச்சடி. நாங்கள் காய்ச்சலுக்குக் குடிப்பதை அவர்கள் ஏகாதசிக்குத் தின்கிறார்கள்.

அதற்குள் தொழில் எங்கோ போய்விட்டது. கிழங்கைக் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் முக்கி ஒருமுறை நிறுத்து, மாவுச்சத்தைப் பாயிண்டாகக் கணக்கிட்டு விலை பேசும் வழக்கம் வந்தது. தொண்ணூறு கிலோ மூட்டைகளை ஓரிடத்தில் ஏலம்விட 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் பதிவானது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. எங்கள் ஊர் அந்தப் பக்கம் போனது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவின் கத்தி இருந்த இடத்தில் தோலுரிக்கும் இயந்திரம் ஓடுகிறது.

மில் என்ற வயிற்றுக்கு நெடுங்காலம் ஒரு குறை இருந்தது: பெருங்குடல் கிடையாது. திப்பி மாட்டுத் தீவனமாகப் போனது. கழிவுநீரோ புளித்து ஓடைக்குப் போனது. எங்கள் ஊர் ஓடை ஒரு காலத்தில் அம்மாவின் புடவை வாடையை ஊர் முழுக்க அடித்தது. கிணற்றுத் தண்ணீர் கறுத்தது. பிறகு பல மில்களில் அந்த நீரைக் காற்றுப்புகாத தொட்டியில் அடைத்தார்கள். நம் பெருங்குடலில் செரிக்காத நாரைக் கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாக்குவதைப்போல, அங்கேயும் கிருமிகள் மிச்ச மாவைத் தின்று மீத்தேனைக் கொடுத்தன. அதில் ஜெனரேட்டர் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அப்படியொரு தொட்டியைப் பார்க்கப் போனேன். உப்பிய கறுப்புப் பலூன்போல மூடி எழும்பி நின்றது. காவலுக்கு இருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வயிற்று உப்புசம் என்று மாதம் தவறாமல் என்னிடம் மாத்திரை வாங்கிப் போனவர். மூடியைக் காட்டிச் சொன்னார்: "இதே கேஸ் என்ற வவுத்துல வந்தா வியாதீன்னு மாத்தர குடுத்தீங்க. இங்க வந்தா கரண்டுங்கறாங்க, பாத்துக்கங்க சார்."