பட்டியலுக்கு வெளியே ஏலமலை

ஏலமலைச் சரிவிலிருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது ஏன் இவ்வளவு தாமதமாயிற்று என்று கேட்டால், வறுமை என்று உடனே பதில் வரும். மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரின் பாடுகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வரும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆனால் உதவித்தொகையின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் போதவில்லை. பட்டியல் சாதி மாணவருக்கான பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-லேயே தொடங்கிவிட்டது. பழங்குடியினருக்கு 1948-இல் வந்தது. மதுரையில் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1966-இல்தான். கல்விக்கூடம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணம் யாருக்கு என்பதை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பட்டியல் முடிவு செய்தது. சில வேளை அது சாதியின் பட்டியல், சில வேளை மாநிலத்தின் பட்டியல், பிற்காலத்தில் படிப்புகளின் பட்டியல். அவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதே இந்தச் சரிவின் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். இதழியலும் காட்சித் தொடர்பியலும் படிக்க விரும்பியவர்கள் விஷயத்தில் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் மாநிலப் பட்டியலைப் பார்ப்போம், ஏனெனில் அதிகம் காயப்படுத்தியது அதுதான். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைகள். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, இந்த மலைகள் கேரளத்தில் நின்றன. மலையில் வேலை செய்த தமிழர்களுக்குப் பள்ளி மேலே, கல்லூரி கீழே என்ற நிலை உருவானது. தமிழ்வழியில் படித்த பிள்ளை மேற்படிப்புக்குப் போடிக்கோ தேனிக்கோ மதுரைக்கோ இறங்கியாக வேண்டும். உதவித்தொகையோ மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம் கொடுப்பது. கேரளத்தில் சாதிச் சான்று வேண்டுமென்றால், பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்குப் பின் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், சலுகை என்று வரும்போது வந்தேறிகளாகவே எண்ணப்பட்டார்கள். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியானவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாது என்றதும், 2025-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் இதே சாதித் தகுதிச் சிக்கலை ஒட்டித்தான். ஒரு சட்டமன்ற உறுப்பினரே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்த ஒன்றை, பதினேழு வயதுப் பெண் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எல்லைக்கு இந்தப்புறமும் நிலைமை எளிதல்ல. குரங்கணிக்கு மேலே வாழும் முத்துவர் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் எல்லாக் கதவுகளையும் திறப்பது இனச்சான்று ஒன்றுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மக்களோடு பேசும் கலையைக் கற்க இந்த மண்ணுக்குக் கல்லூரி எதற்கு? 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடிப் போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். கூடப் போன சிறுவனாகிய தம்பிதான் பின்னாளில் இளையராஜா. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசுக்கு உயிர்நாடியாக இருந்த தேர்தலில் தமிழ்த் தொழிலாளரின் வாக்குகளைத் திரட்டியது அந்தப் பாட்டு. அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் தொடர்பியல் பட்டம் வாங்கிவிட்டுச் சினிமாவுக்குப் போகவில்லை. இதையெல்லாம் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் வென்றவர்களின் பெயர்களை மட்டுமே நாம் அறிவோம். சென்னைக்குப் போய்த் திரும்பியவர்களும், போகவே முடியாமல் தோட்டத்துக் கணக்கு எழுதியவர்களும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். பாவலர் காலத்தில் மேடைக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படவில்லை. இன்று செய்தி அறையிலோ தொலைக்காட்சி நிலையத்திலோ நுழைய முதலில் கேட்கப்படுவது பட்டம். திறமை ஊறிய மண் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தப் பட்டத்துக்கான வழியை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

அந்த வழியில்தான் மூன்றாவது பட்டியலாகிய படிப்புகளின் பட்டியல் குறுக்கே நிற்கிறது. ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே போடியில் ஒரு கல்லூரி எழுந்தது. ஏலக்காய்ப் பணம் கல்விக்குத் திரும்பிய அந்த முயற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேனி சாலையிலேயே, நாகமலைப் புதுக்கோட்டை அருகே இருக்கிறது. போடியிலிருந்து மதுரை போகும் பேருந்து அதன் வாசலைக் கடந்துதான் போகும், அங்கே இதழியல் துறையும் உண்டு. இளநிலையில் காட்சித் தொடர்பியல் 1980-களின் இறுதியில் சென்னை லயோலா கல்லூரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. பரவியபோது பல கல்லூரிகளில் அது சுயநிதிப் பிரிவாகவே வந்தது. அரசு கொடுத்த பெரிய சலுகைகளோ வேறு திசையில் போயின. 2007-இல் இளநிலைக் கல்விக் கட்டணம் நீங்கியது அரசு, அரசு உதவிபெறும் படிப்புகளுக்கு. 2010-இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளர முறையில் சேரும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகத் தொடர்பியல் படிக்க வந்தவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்தார். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்தால் ஒரு கட்டணம், அடுத்த கட்டடத்தில் காட்சித் தொடர்பியல் படித்தால் பல மடங்கு. இதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லியிருந்தால் சிலர் இளநிலையை வேறு பாடத்தில் முடித்துவிட்டு, குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகத் துறையில் முதுநிலை இதழியல் படித்திருப்பார்கள். சொல்ல ஆளில்லாததால் கடன் வாங்கிச் சேர்ந்தார்கள், அல்லது பொறியியலுக்குத் திரும்பினார்கள்.

பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. சேர்க்கை ஜூன், ஜூலையில் நடக்கிறது. ஏலக்காய் எடுப்பு சூடுபிடிப்பது ஆகஸ்டுக்குப் பிறகு. வீட்டில் கையிருப்பு மிகவும் வற்றிக் கிடக்கும் வாரங்களில்தான் கட்டணம் கேட்கப்படுகிறது. உதவித்தொகை கைக்கு வருவது பல மாதங்கள் கழித்து. போக்குவரத்தும் ஒரு செலவு. மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்று, அகலப்பாதையில் போடிக்குத் திரும்பியது 2023 ஜூனில். சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் பேருந்தை நம்பியே கடந்தார்கள். இருந்தாலும் இந்த இடர்களிலும் முன்கூட்டிய தகவல் பெரிய அளவில் உதவியிருக்கும். தவணை கேட்கலாம், அரசு விடுதிக்கு விண்ணப்பிக்கலாம், சான்றுகளை ஏப்ரலிலேயே வாங்கி வைக்கலாம் என்பவை எவரேனும் சொன்னால் மட்டுமே தெரியக்கூடியவை.

2022 முதல் அரசு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் நான் முதல்வன் திட்டமும், அதைத் தொடர்ந்து பள்ளி முடிப்போருக்கான கல்லூரிக் கனவு வழிகாட்டலும், செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் வந்தன. எல்லாமே இணையத்தில் இருக்கும்போது இன்னும் ஆலோசகர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இணையம் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும், எந்த விண்ணப்பம் என்று சொல்லாது. புதுமைப் பெண் உதவி தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு. கேரளத்து உடும்பஞ்சோலையில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் போடிக்கு வரும் பெண் அதில் அடங்கமாட்டாள். அவளுக்குரிய கேரள உதவி வேறு இணையதளத்தில், வேறு சான்றுகளோடு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பின்னும் விருப்பப் பாடத் தேர்வு அவளுக்குப் புதிது. ஊடகம் படிக்க வந்தவள் மொழிபெயர்ப்பையோ கணினி வரைகலையையோ எடுக்காமல், தோழி எடுத்த தாளையே எடுத்துவிடுகிறாள். தேனி, இடுக்கி மாவட்ட வருவாய்த் துறையினரும் இரு மாநிலக் கல்வி உதவி அலுவலர்களும் ஆண்டுதோறும் மே மாதம் ஒரு வாரம் போடியில் ஒரே கூடத்தில் அமர்ந்து சான்றும் விண்ணப்பமும் அங்கேயே முடித்துக் கொடுப்பது நடக்கக்கூடிய காரியம். ஏலம் எடுக்க இரு மாநில வியாபாரிகளும் இந்த ஊரில் கூடுகிறார்கள். இரு மாநில அலுவலர்கள் கூடுவதற்கும் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.