நாய்களுடன் முகாமிடல்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஒரு வரலாறு

வளர்ப்பு நாயை உடன் அழைத்துச் சென்று காட்டுப்புறத்தில் கூடாரமிட்டுத் தங்குவது அமெரிக்க ஐக்கிய நாட்டில் பரவலாக உள்ள ஒரு பொழுதுபோக்கு ஆகும். கார் சென்று சேரக்கூடிய தேசியப் பூங்கா முகாம் தளங்களில் பெரும்பாலானவை நாய்களை அனுமதிக்கின்றன. ஆனால் அதே பூங்காக்களின் காட்டுப்பாதைகள் பலவற்றில் நாய் கால் வைக்கக் கூடாது. முகாம் வரை வரலாம், அதற்கு அப்பால் செல்லக் கூடாது என்னும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதன்று. நாய் முகாமின் வேலையாளாக இருந்த காலம், காரில் ஏறி விருந்தாளியாக வந்த காலம், காட்டுயிர்களைக் காப்பதற்காக அது எல்லைக்குள் நிறுத்தப்பட்ட காலம் என மூன்று கட்டங்களின் விளைவாக அது அமைந்தது.

முகாமின் வேலையாள்

வட அமெரிக்காவில் நாயும் கூடாரமும் சேர்ந்து பயணம் செய்வது ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய வழக்கம். பெருஞ்சமவெளிகளில் வாழ்ந்த பழங்குடி மக்களிடம் அப்போது குதிரைகள் இல்லை. இரண்டு நீண்ட கழிகளை நாயின் தோளில் பூட்டி, அவற்றின் மறுமுனை தரையில் இழுபடுமாறு விட்டு, இடையில் சுமையைக் கட்டினர். கூடாரத் தோலும் கழிகளும் இவ்வாறே இடம் மாறின. 1541ஆம் ஆண்டு கொரனாடோ என்னும் ஸ்பானியத் தலைவரின் படையினர் இச்சமவெளிகளைக் கடந்தபோது, கூடாரச் சுமையை இழுத்துச் செல்லும் நாய்களைக் கண்டு வியந்து எழுதி வைத்தனர்.

1803ஆம் ஆண்டு மெரிவெதர் லூயிஸ், மேற்கு நோக்கிய தம் ஆய்வுப் பயணத்துக்காக சீமன் என்னும் நியூஃபவுண்ட்லாந்து இன நாயை 20 டாலருக்கு வாங்கினார். லூயிஸ் – கிளார்க் குழுவின் நாட்குறிப்புகளில் இந்த நாய் பலமுறை இடம்பெறுகிறது. 1805 மே மாத இறுதியில் ஓர் இரவு, ஆண் காட்டெருமை ஒன்று மிசௌரி ஆற்றைக் கடந்து, உறங்கிக் கொண்டிருந்தவர்களின் தலைமாட்டை ஒட்டி முகாமுக்குள் பாய்ந்தது. தலைவர்களின் கூடாரத்தை அது நெருங்கிய வேளையில் சீமன் குரைத்து அதன் திசையைத் திருப்பியது. கரடிகள் நடமாடிய பகுதிகளில் இரவெல்லாம் குரைத்துக் காவல் காத்ததும் இந்த நாயே. அக்காலத்தில் முகாமில் நாய் இருக்கலாமா என்ற கேள்வியே எழவில்லை. நாய் இல்லாத முகாம்தான் பாதுகாப்பற்றதாகக் கருதப்பட்டது.

நாயைப் பயணத் தோழனாகக் காணும் பார்வை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் 1880ஆம் ஆண்டு அலாஸ்காவில் புயல் வீசிய ஒரு நாளில் பனியாறு ஒன்றைக் கடந்தபோது, ஸ்டிக்கீன் என்னும் சிறிய நாய் அவரைவிட்டு அகலாமல் உடன் சென்றது. அந்த அனுபவத்தை அவர் பின்னாளில் நூலாக எழுதினார். அது 1909இல் வெளிவந்தது. தேசியப் பூங்காக்கள் உருவாகப் பெரிதும் உழைத்தவரான மியூரின் புகழ்பெற்ற எழுத்துகளுள் ஒன்று ஒரு நாயைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

காரில் வந்த விருந்தாளி

1869ஆம் ஆண்டு வில்லியம் எச். எச். மரே என்னும் பாதிரியார் அடிராண்டாக் மலைப்பகுதி பற்றி எழுதிய நூல், நகரத்தவரிடையே ஓய்வுக்காக முகாமிடும் பழக்கத்தைப் பரப்பியது. எனினும் இரயிலும் குதிரை வண்டியும் மட்டுமே இருந்தவரை வீட்டு நாயை உடன் கொண்டு செல்வது எளிதாக இல்லை. அந்த நிலையைக் கார் மாற்றியது.

1903ஆம் ஆண்டு ஹோரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்பவர், சூவல் கிராக்கர் என்னும் இயந்திர வல்லுநருடன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரில் சென்றார். அமெரிக்கக் கண்டத்தைக் காரில் முழுமையாகக் கடந்த முதல் பயணம் அதுவே. வழியில் ஐடஹோ மாநிலத்தில் பட் என்னும் புல்டாக் வகை நாயை ஜாக்சன் வாங்கினார். மூடுகூரை இல்லாத அந்தக் காரில் பறந்த புழுதி நாயின் கண்களைப் புண்ணாக்கியது. ஆகவே மனிதர்களைப் போலவே அதற்கும் கண்ணாடி மாட்டிவிட்டனர். கண்ணாடி அணிந்த நாயின் படங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. 63 நாள்கள் நீடித்த அப்பயணத்தின் முடிவில் பட் நாடறிந்த நாயாகிவிட்டது.

1915 ஆகஸ்டு மாதம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா கார்களுக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு தேசியப் பூங்காச் சேவை என்னும் துறை நிறுவப்பட்டது. 1920களில் சாலையோர ஊர்கள் பலவும் பயணிகளுக்கு முகாம் தளங்களை அமைத்தன. குடும்பம் முழுவதும் காரில் புறப்பட்டபோது நாயை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதுவும் காரில் ஏறிக்கொண்டது.

பூங்காக்களின் முதல் தடை

நாய்கள் பெருமளவில் வரத் தொடங்கிய அதே காலத்தில் பூங்காக்கள் கதவை அடைத்தன. 1920களில் யெல்லோஸ்டோன் உள்ளிட்ட பூங்காக்களின் விதிமுறைகள், பூங்காவைக் கடந்து அப்பால் செல்வோரின் நாய்களுக்கு மட்டுமே இடமளித்தன. அவையும் எந்நேரமும் கட்டப்பட்டோ கூண்டில் அடைக்கப்பட்டோ இருக்க வேண்டும். பூனைகளுக்கு அனுமதியே இல்லை.

இத்தடையின் பின்னணி இன்றைய காட்டுயிர்ப் பாதுகாப்புக் கருத்திலிருந்து வேறுபட்டது. மான்களையும் எல்க்குகளையும் பயணிகள் கண்டு மகிழ வேண்டும், அவற்றை எதுவும் துரத்தக் கூடாது என்பதே அன்றைய நோக்கம். அதே நோக்கத்துக்காகப் பூங்காக் காவலர்கள் ஓநாய்களையும் கொன்று வந்தனர். யெல்லோஸ்டோனின் எஞ்சிய ஓநாய்கள் 1926ஆம் ஆண்டளவில் அழிக்கப்பட்டன. ஓநாயும் நாயும் ஒரே குற்றத்துக்காக விலக்கப்பட்டன எனலாம்.

இதற்கு விலக்காக அமைந்தது அலாஸ்காவின் டெனாலி பூங்கா. அதன் முதல் கண்காணிப்பாளர் ஹாரி கார்ஸ்டன்ஸ், கள்ள வேட்டையைத் தடுக்கப் பனிக்காலச் சுற்றுக்காவலுக்குச் சறுக்குவண்டி நாய்களைப் பயன்படுத்தினார். 1920களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்த நாய்ப்பண்ணை இன்றும் இயங்குகிறது.

முகாம் தளம் எல்லை பெற்றது

ஆரம்பக் கால முகாம் தளங்களுக்கு வரையறுத்த எல்லை இல்லை. விரும்பிய மரத்தடியில் காரை நிறுத்திக் கூடாரமிட்டனர். தாவர நோயியல் அறிஞர் மைனெக்கி, கார்களும் கால்களும் மண்ணை இறுக்கி மரங்களின் வேர்களை நலிவடையச் செய்வதைக் கண்டறிந்தார். 1930களின் தொடக்கத்தில் அவர் ஒரு புதிய அமைப்பை முன்மொழிந்தார். ஒருவழி வளையச் சாலை, அதிலிருந்து பிரியும் கார் நிறுத்தம், அதனருகே நிலையான மேசை, அடுப்பு, கூடார இடம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 1933இல் தொடங்கப்பட்ட குடிமக்கள் பாதுகாப்புப் படையின் இளைஞர்கள் நாடெங்கும் இத்தகைய தளங்களைக் கட்டினர்.

இத்திட்டம் மரங்களுக்காகத் தீட்டப்பட்டது, நாய்களுக்காக அன்று. ஆயினும் முகாம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பதை அது கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கியது. நாயை ஒரு பகுதியில் அனுமதித்து மற்றொரு பகுதியில் தடுக்கும் விதிகளை நடைமுறைப்படுத்த இந்த எல்லை வசதியாக அமைந்தது.

ஆறடிக் கயிறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூங்காக்களுக்கு வந்தோர் எண்ணிக்கை பன்மடங்கானது. 1960ஆம் ஆண்டு எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்னும் தம் பூடில் நாயுடன் தங்கும் வசதி கொண்ட வண்டியில் நாட்டைச் சுற்றினார். அப்பயண நூல் 1962இல் வெளிவந்தது. யெல்லோஸ்டோனுக்குள் நுழைந்ததும் சாலையோரக் கரடிகளைக் கண்டு, சாதுவான சார்லி வெறிகொண்டு குரைத்ததாகவும், அதனால் தாம் திரும்பிவிட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். அதே 1962ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் கே.ஓ.ஏ. என்னும் தனியார் முகாம் தள நிறுவனம் தோன்றியது. நாய்களை வரவேற்பதைத் தனியார் தளங்கள் காலப்போக்கில் வணிக உத்தியாகவே ஆக்கிக்கொண்டன.

தேசியப் பூங்காக்களில் இன்று நடப்பிலுள்ள பொதுவிதி 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வடிவம் பெற்றது. வளர்ப்பு விலங்கு கூண்டிலோ, 6 அடிக்கு மிகாத கயிற்றிலோ இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து, நீந்துவதற்கான கடற்கரைகள் ஆகியவற்றில் அதற்கு இடமில்லை. கட்டிப் போட்டுவிட்டுத் தனியே விடுதல், ஓயாது குரைக்க விடுதல், கழிவை அகற்றாமல் செல்லுதல் ஆகியவை குற்றங்கள். வேறு எந்தப் பகுதியையும் மூடும் அதிகாரம் அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளருக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்கள் வளர்ப்பு விலங்குகளாகக் கருதப்படுவதில்லை.

யெல்லோஸ்டோனில் சாலை, கார் நிறுத்தம், முகாம் தளம் ஆகியவற்றிலிருந்து 100 அடி வரை மட்டுமே நாய் செல்லலாம். வெந்நீர் ஊற்றுகளிடையே அமைந்த பலகை நடைபாதைகளில் நாய்க்கு முழுத்தடை உள்ளது. 1981 ஜூலையில் அங்கு நிகழ்ந்த விபத்து இவ்விதியின் தேவையை உணர்த்தும். வண்டியிலிருந்து தப்பிய நாய் ஒன்று செலஸ்டைன் என்னும் ஊற்றில் விழுந்தது. அதன் நீர் சுமார் 94 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. நாயைக் காப்பாற்ற அதில் பாய்ந்த இளைஞர் கடும் தீப்புண்களால் மறுநாள் உயிரிழந்தார். நாயும் பிழைக்கவில்லை.

தடைக்கான காரணங்கள்

இன்றைய கட்டுப்பாடுகளுக்குச் சூழலியல் காரணங்களே முதன்மையாகச் சொல்லப்படுகின்றன. காட்டுவிலங்குகளுக்கு நாய் என்பது ஓநாய் இனத்தைச் சேர்ந்த வேட்டை விலங்கு. அது துரத்த வேண்டியதில்லை. அதன் வாடையும் குரைப்புமே தரையில் கூடு கட்டும் பறவைகளையும் குட்டியீன்ற விலங்குகளையும் இடம்பெயரச் செய்யக்கூடும். கயிறின்றி ஓடும் நாய் கரடியைச் சீண்டிவிட்டு, அதைத் தன் உரிமையாளரிடமே இழுத்து வருவதும் உண்டு.

நோய் மற்றொரு காரணம். கருங்கால் மரநாய் என்னும் சிறு ஊனுண்ணி அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நிலையில், 1981 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி ஊருக்கருகே பண்ணை நாய் ஒன்று இறந்த மரநாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தது. அதைக் கொண்டே அவ்வினத்தின் எஞ்சிய கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அக்கூட்டத்தில் பரவி அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய நோய்களுள் ஒன்று, நாய்களையும் தாக்கும் டிஸ்டெம்பர். 1987க்குள் பிடிக்கப்பட்ட 18 மரநாய்களைக் கொண்டே இனம் மீட்கப்பட்டது. 1995இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட யெல்லோஸ்டோன் ஓநாய்களிடையேயும் டிஸ்டெம்பர் பலமுறை பரவிக் குட்டிகளை மாய்த்துள்ளது. நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும் என்று முகாம் தளங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பூங்காவுக்குப் பூங்கா வேறுபாடு

ஒரே துறையின் கீழுள்ள பூங்காக்களிலும் நடைமுறை வேறுபடுகிறது. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பூங்காவில் ஏறத்தாழ 500 மைல் பாதைகளில் 20 மைலுக்கும் குறைவான பகுதியே நாய்களுக்கு மூடப்பட்டுள்ளது. அதே மலைத்தொடரின் தெற்கே உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் முகாம் தளங்களில் நாய்க்கு இடமுண்டு. ஆனால் நடக்க அனுமதிக்கப்பட்ட பாதைகள் இரண்டே. மெய்ன் மாநிலத்தின் அகாடியா பூங்காவில் சுமார் 100 மைல் நடைபாதைகளும் 45 மைல் வண்டிப்பாதைகளும் கயிற்றில் கட்டிய நாய்களுக்குத் திறந்துள்ளன. தேசியக் காடுகளில் முகாம் தளங்களுக்குள் ஆறடிக் கயிறு வேண்டும். வெளியே கட்டுப்பாடுகள் பொதுவாகத் தளர்வானவை.

அதே மெய்ன் மாநிலத்துக்குச் சொந்தமான பாக்ஸ்டர் பூங்காவில் வளர்ப்பு விலங்குகளுக்கு முழுத்தடை உள்ளது. தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி அதை உருவாக்கியவர் முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர். 1931 முதல் 1962 வரை சிறுகச் சிறுக அவர் அளித்த நிலம் 2 இலட்சம் ஏக்கருக்கும் அதிகம். அது காட்டுயிர்களின் புகலிடமாக என்றும் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆனால் அவர் நாய்களை வெறுத்தவர் அல்லர். ஆளுநராக இருந்தபோது, 1923இல் தம் ஐரிஷ் செட்டர் நாய் கேரி இறந்ததற்கு மாநில அரசு மாளிகையின் கொடியையே அரைக்கம்பத்தில் பறக்கவிட்டவர். நாயிடம் அன்பும், நாய் புகாத காடு வேண்டும் என்ற எண்ணமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இவரே சான்று.

இன்றைய நிலை

பாதைகளில் தடை இருப்பதால், நடக்கச் செல்வோர் நாயை எங்கே விடுவது என்பது இன்றும் தீராத சிக்கல். காரில் பூட்டிச் செல்வது ஆபத்தானது. வெளியே 21 பாகை செல்சியஸ் வெப்பம் உள்ள இதமான நாளிலும் மூடிய காருக்குள் 10 நிமிடங்களில் ஏறத்தாழ 32 பாகையும், அரை மணி நேரத்தில் 40 பாகையும் எட்டும். கூடாரத்தருகே கட்டிவிட்டுச் செல்வதும் விதிமீறல். கிராண்ட் கேன்யன் பூங்காவின் தென்விளிம்பில் நாய்க் காப்பகம் ஒன்று உள்ளது. இத்தகைய வசதி எல்லாப் பூங்காக்களிலும் இல்லை. எனவே நாயுடன் செல்லும் குடும்பங்களில் ஒருவர் முகாமில் தங்க, மற்றவர்கள் நடந்து திரும்புவதே வழக்கமாக உள்ளது.

அண்மைக் காலத்தில் தண்டனையைவிடப் பழக்கத்தை வளர்ப்பதில் பூங்காக்கள் கவனம் செலுத்துகின்றன. பல பூங்காக்களில் நடைபெறும் 'பார்க் ரேஞ்சர்' திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. 'பார்க்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே குரைத்தல் என்று பொருள். அதன் நான்கு எழுத்துகளும் நான்கு கடமைகளைக் குறிக்கின்றன: கழிவைப் பையில் எடுத்தல், எப்போதும் கயிற்றில் வைத்தல், காட்டுயிர்களை மதித்தல், செல்லத்தகும் இடத்தை அறிதல். இவற்றைக் கடைப்பிடிப்பதாக உரிமையாளர் உறுதி அளித்தால், நாய் 'காவலர்' என்ற பட்டம் பெறுகிறது. சீமன் காட்டிலிருந்து முகாமைக் காத்தது. இந்தக் காவலர் நாய்களோ முகாமிலிருந்து காட்டைக் காக்கப் பழக்கப்படுகின்றன.