நேரடிப் பணவுதவி: திண்டுக்கல் வட்டார வரலாறு

ஏழைக் குடும்பங்களுக்கு உதவ நினைப்போர் அரிசியாகவோ துணியாகவோ கடனாகவோ கொடுக்காமல், திருப்பித் தரவேண்டாத ரொக்கத்தையே அவர்கள் கையில் சேர்ப்பிக்கும் முறைக்கு நேரடிப் பணவுதவி என்று பெயர். இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மெக்சிகோ 1997-இல் தொடங்கிய திட்டத்தையும், பிரேசிலின் 2003-ஆம் ஆண்டுத் திட்டத்தையும், மேற்குக் கென்யாவின் குடிசைகளையுமே உதாரணமாகக் காட்டுவர். ஆயினும், திண்டுக்கல் சமவெளியின் முதியோர் தபால்காரர் கொண்டுவரும் மாதப் பணத்தை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்த காலம் அவை எல்லாவற்றுக்கும் முந்தியது.

மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் நிற்க, நடுவே குடகனாறு ஓடும் பூமி இது. ஓடும் நாட்களைக் காட்டிலும் மணலாய்க் கிடக்கும் நாட்களே அதிகம் என்பது வேறு விஷயம். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த மானாவாரி நிலம். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. நகரத்தில் பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும். இத்தொழில்கள் எவற்றிலும், நூற்பாலைகள் பெருகும் வரையில், மாதம் பிறந்தால் இன்ன தொகை கைக்கு வரும் என்ற நிச்சயம் கூலிக்காரருக்கு இருந்ததில்லை. முகூர்த்த நாளில் ஏறிய மல்லிகை விலை மறுநாளே இறங்கிவிடும். தக்காளி விலை வீழ்ந்தால் பறிகூலிக்கே கட்டுபடியாகாது. வருமானத்தின் அளவு குறைவு என்பதோடு அது வரும் காலமும் நிச்சயமற்றது என்பதே இவ்வட்டாரத்து வறுமையின் பிரத்தியேக லக்ஷணமாதலால், பணவுதவியின் பயனையும் தொகையை மட்டும் கொண்டு அளக்காமல், அது தேதி தவறாமல் வருகிறதா, யார் கைக்கு வருகிறது என்பவற்றைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

இதன் பூர்வ சரித்திரம் 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. அப்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி. பஞ்ச வேலைத்தலங்களில் மண் சுமந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமே போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் விதிக்க, அது உயிர் தரிக்கவும் பற்றாது, ஒன்றரை இராத்தலேனும் வேண்டும் என்று சென்னையின் சுகாதார கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பிற்பாடு பஞ்சக் கமிஷனின் சிபாரிசுப்படி எழுந்த பஞ்ச விதித்தொகுப்புகள் உடல் வலியுள்ளவருக்கு வேலையும், இயலாதவருக்கு அவரவர் கிராமத்திலேயே இலவச உதவியும் என்று இரண்டாகப் பிரித்துவைத்தன. அப்பிரிவினை அந்நியர் ஆட்சியோடு மறைந்துபோகவில்லை; பின்வந்த முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் வேலையும் அதே இரு கிளைகளில் பூத்தவையே.

கு. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1962 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் சென்னை மாநிலத்தில் அமலுக்கு வந்தது. கேட்பவர் வயதானவராயும் சொத்தற்றவராயும் இருந்தால் மட்டும் போதவில்லை. காப்பாற்றக்கூடிய பருவத்து மகன் இல்லாதவராகவும் இருக்கவேண்டியிருந்தது. இந்நிபந்தனை காகிதத்தில் நியாயமாகத் தோன்றினும், மகன் இருந்தும் சோறு கிடைக்காத தாய்மார் எந்த ஊரிலும் உண்டு என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. ‘மகன் காப்பாற்றவில்லை’ என்று அதிகாரி முன்னிலையில் சொல்வது பெற்ற வயிற்றுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை. மனு கர்ணம் கையிலிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து தாசில்தாருக்கும் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கர்ணத்தின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தபின்னும் காத்திருத்தல் ஒழியவில்லை. எனினும் ஒருமுறை ‘சாங்ஷன்’ ஆகிவிட்டால், மணியார்டராகத் தொகை வந்து சேர்ந்தது. மை தடவிய பெருவிரல் ரேகை வைத்துத் தபால்காரரிடம் பெற்றுக்கொண்ட கிழவி, அவருக்குச் சில்லறை கொடுத்தனுப்பும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று இன்றும் இதனை ஜனங்கள் அழைப்பர்.

அதன்பின் அரசாங்கம் துன்பத்தின் வகைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டது: 1974-இல் உடல் ஊனமுற்றோர், 1975-இல் ஆதரவற்ற விதவையர், 1981-இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர், 1986-இல் கணவனால் கைவிடப்பட்டோர். உதவித்தொகை பெற்ற முதியோர்க்கு 1983 முதல் சத்துணவு மையத்தில் மதிய உணவும் கிடைத்தது. இதற்கிடையில் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையினின்றும் பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகவே, மதுரைக்குச் சென்று காத்துக்கிடந்த பல காரியங்கள் அருகிலேயே முடியலாயின. மத்திய அரசு இவ்விஷயத்தில் கைகொடுத்தது மிகப் பிந்தி, 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தின் மூலமேயாகும்.

பெண்களுக்கான பணவுதவியின் வரலாறு சற்று வேறானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் ஏற்பட்ட மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயில் ஆரம்பித்து, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என வளர்ந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் வந்த திருமண உதவித் திட்டம் ஏழைப் பெண்ணின் கல்யாணச் செலவுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. இவ்விரண்டாவது திட்டத்தைத் திண்டுக்கல் வட்டாரத்தின் நூற்பாலைகளோடு சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் முக்கியத்துவம் விளங்காது. மூன்றாண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிக் கன்னிப்பெண்களை அழைத்துச்செல்லும் ‘சுமங்கலி’ முறை, கோவை, திருப்பூர்ப் பக்கங்களைப் போலவே வேடசந்தூர்ப் பக்கத்து ஆலைகளிலும் பரவியிருந்தது. தகப்பன் கையில் ரொக்கம் இல்லாத ஒரே குறைக்காகப் பதினாறு வயதுப் பெண் பஞ்சுத் தூசிக்குள் அனுப்பப்பட்டாள். பாதியில் நோயுற்றுத் திரும்பினால் அத்தொகை கைக்கு வராமற்போவதும் உண்டு. 2022 செப்டம்பர் 5-இல் திருமண உதவித் திட்டம் ‘புதுமைப் பெண்’ என்று மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானபோது, கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய பணம் கல்விக்குத் திரும்பியது. தமிழகத்தின் பணவுதவித் திட்டங்களுள் சிந்தனையால் சிறந்தது இதுவே எனலாம்.

வேலைக் கிளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை எனப்படும் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதன்முதல் தொடங்கப்பட்ட தமிழக மாவட்டங்கள் ஆறனுள் திண்டுக்கல்லும் ஒன்று. கண்மாயும் வரத்துக்கால்வாயும் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காட்டுவேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டதே கூலி உயர்ந்ததற்குச் சாட்சி. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியும் இலவசமாயிற்று. அரிசிக்குச் செலவில்லாத வீட்டில் விழும் நூறு ரூபாய், அரிசி வாங்கவேண்டிய வீட்டில் விழும் நூறு ரூபாயைவிட வலிது என்பதை இத்திட்டங்களை ஒப்பிடுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

பணம் வந்துசேரும் வழியும் மாறிற்று. 2013 ஜனவரியில் மத்திய அரசு நேரடிப் பயன் மாற்ற முறையை ஏற்படுத்தியது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் வந்தன. மணியார்டர் மறைந்து, வங்கியின் பிரதிநிதியாகக் கைரேகை மெஷினோடு ஊருக்கு வருபவர் தபால்காரரின் ஸ்தானத்தைப் பெற்றார். இடைத்தரகு குறைந்தது உண்மை. ஆனால், ஆயுள் முழுதும் மண்வெட்டி பிடித்தும், தோல் ஷாப்பில் சுண்ணாம்பு நீரில் கைவைத்தும் ரேகை தேய்ந்துபோன முதியவரின் விரலை மெஷின் ஏற்பதில்லை. உழைத்த தேகமே அவர் இன்னார் என்பதற்குச் சாட்சி சொல்ல மறுக்கும் இந்த விபரீதம் முந்தைய மை தடவிய காகிதத்தில் இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த பிரதம மந்திரியின் உழவர் உதவியோ ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருவதாயினும், பட்டா உள்ளவருக்கே உரியதாகலின், குத்தகைக்கு உழுபவரும் கூலிக்குப் பூப்பறிப்பவரும் அதில் சேரார்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று, அதாவது அண்ணாவின் பிறந்தநாளும் திண்டுக்கல் மாவட்டம் உதயமான நாளுமாகிய அன்று, காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்டு, ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்கு மேற்படாமல், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் செலவிடும் குடும்பத்தின் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய்; தொடக்கத்தில் பெற்றோர் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று முதல் தவணையிலேயே சில வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டதும், அதனை மாநில நிதியமைச்சர் கண்டித்ததும் நினைவில் வைக்கத்தக்கவை.

ஆயிரம் ரூபாய் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்று பரிகசிப்போர் உண்டு. மகளிர் குழுக் கடனின் தவணையை வாரந்தோறும் கட்டவேண்டிய வீட்டில், கூலி கிடைக்காத வாரத்தில் தோடு அடகுக்கடைக்குப் போவதே வழக்கம். மாத நடுவில் நிச்சயமாக ஒரு தொகை வரும் என்று தெரிந்தால் அத்தோடு காதிலேயே இருக்கும். கேஸ் சிலிண்டர், பிள்ளையின் பஸ் செலவு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, சிறு சீட்டு என்று அது கரைந்துபோவது வாஸ்தவம். ஆனால், இவற்றுக்கெல்லாம் கணவனிடம் கேட்டுநின்ற நிலை மாறியதையும், மளிகைக்கடைக்காரர் அவள் பெயரிலேயே கடன் எழுதச் சம்மதிப்பதையும் எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது? அவ்வாறே முதியோர் பணமும் கிழவியின் சாப்பாட்டுச் செலவை முழுதும் தீர்க்காவிடினும், மருமகள் வீட்டில் அவள் தட்டுக்கு ஒரு மரியாதையைத் தேடித்தந்தது.

ஆப்பிரிக்காவில் நடந்த பரீட்சைகள் இதற்கு ஒத்தும் மாறியும் உள்ளன. கிவ்டைரக்ட்லி என்னும் ஸ்தாபனம் 2011 முதல் மேற்குக் கென்யாவின் ஏழைகளுக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பலாயிற்று. மொத்தமாகப் பெற்றவர்கள் கூரைப்புல்லை நீக்கித் தகரம் வேய்ந்தும் மாடு வாங்கியும் பயனடைந்தனர். மாதந்தோறும் பெற்றவர்கள் உணவைச் சீர்செய்துகொண்டனர். குடிக்கும் புகைக்கும் செலவு பெருகவில்லை என்று அதனை ஆராய்ந்த ஹவ்ஷோஃபர், ஷபீரோ ஆகிய பொருளியலாளர் 2016-இல் எழுதினர். கணவனிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் பலனில் பெரும் வேற்றுமை காணவில்லை என்ற அவர்கள் முடிவை நம்மூருக்கு அப்படியே பொருத்துவதற்கில்லை. டாஸ்மாக் மதுக்கடை வாசலில் நின்று பார்த்தவர் எவரும் அதற்கு உடன்படார். இந்தியாவில் சேவா அமைப்பு 2011-இல் மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில் வயது வந்தோர்க்கு மாதம் 200 ரூபாயும் பிள்ளைகளுக்கு 100 ரூபாயும், பின்னர் 300-உம் 150-உம் கொடுத்து நடத்திய பரீட்சையும் இவ்வகையினதே.

பணவுதவி சாலையையும் ஆஸ்பத்திரியையும் ஆற்றுநீரையும் தராது என்ற ஆக்ஷேபம் சரியானது. அவற்றுக்குப் பதிலாக இதை முன்னிறுத்துவது அரசாங்கத்தின் சோம்பலேயாகும். அதனினும் கனமான குற்றம், விலைவாசியோடு தொகை உயராமையே. மாநில அரசு முதியோர் உதவியை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் அது அசையவில்லை. எண்பது வயதுக்கு உட்பட்ட முதியவருக்கு மத்திய அரசு செலுத்தும் பங்கோ, 2007-இல் இருந்தவாறே மாதம் 200 ரூபாயாக நின்றுவிட்டது.