தொலைந்த கைப்பேசியில் முடக்க வேண்டியது எது? ஐஎம்இஐ, ஐஎம்எஸ்ஐ எண்களின் வேறுபாடு

கைப்பேசி தொலைந்தவுடன் சிம் கார்டை முடக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சிம் கார்டுக்கு ஓர் அடையாள எண், கருவிக்கு வேறோர் அடையாள எண். ஒன்றை முடக்கினால் மற்றொன்று முடங்காது.

கருவியின் அடையாளம் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண். இதன் முதல் 8 இலக்கங்கள் கைப்பேசியின் தயாரிப்பாளரையும் மாடலையும் குறிக்கும். அடுத்த 6 இலக்கங்கள் அந்தக் கருவிக்கு மட்டுமே உரிய வரிசை எண். கடைசி இலக்கம், மற்றவை பிழையின்றி உள்ளனவா என்று சரிபார்ப்பதற்கானது. *#06# என்று அழுத்தினால் இந்த எண் திரையில் தோன்றும். தொலைந்த பிறகு அதற்கு வழியில்லை என்பதால், கைப்பேசி வந்த பெட்டியிலோ ரசீதிலோதான் தேட வேண்டும். இரண்டு சிம் கார்டு பொருத்தும் கைப்பேசிக்கு இரண்டு ஐஎம்இஐ எண்கள் உண்டு. முடக்கக் கோரும்போது இரண்டையும் குறிப்பிடுவது அவசியம்.

சிம் கார்டுக்குள் பதிவாகியிருப்பது ஐஎம்எஸ்ஐ. இதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. வாடிக்கையாளரின் கண்ணில் இந்த எண் பெரும்பாலும் படுவதே இல்லை. எனினும், வாடிக்கையாளர் யார் என்பதை நெட்வொர்க் இதைக் கொண்டே அறிகிறது. எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண், நிறுவனத்தின் பதிவேட்டில் இந்த ஐஎம்எஸ்ஐயுடன் இணைக்கப்பட்ட ஒரு முகவரி மட்டுமே. புதிய சிம் கார்டு வாங்கினாலும், வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் பழைய எண்ணே தொடர்வது இதனால்தான். இ-சிம்முக்கும் இது பொருந்தும்.

மோசடிக்கு இடமளிப்பதும் இதே வசதிதான். போலி ஆவணங்களைக் காட்டி ஒருவரது எண்ணுக்கு மாற்று சிம் கார்டு பெறுபவருக்கு, வங்கி அனுப்பும் ஓடிபி நேராகச் சென்றுவிடும். உரியவரின் கைப்பேசியில் காரணமின்றி சிக்னல் மறைவது இதற்கான முதல் அறிகுறியாக இருக்கலாம். சிம் கார்டு மாற்றப்பட்ட 7 நாள்களுக்கு அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற டிராய் விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

கருவியை முடக்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வசதி 2023 மே மாதம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. காவல் துறையில் அளித்த புகாரின் நகல், ஐஎம்இஐ எண், அடையாள ஆவணம் ஆகியவை தேவை. தொலைந்த எண்ணுக்கு மாற்று சிம் கார்டு பெற்ற பின்னரே விண்ணப்பிப்பது நல்லது. ஓடிபி வந்தாக வேண்டும். புதிய சிம் கார்டில் குறுஞ்செய்தி வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம்.

முடக்கப்பட்ட கருவி இந்தியாவின் எந்த மொபைல் நெட்வொர்க்கிலும் இயங்காது. ஆனால் வைஃபை வேலை செய்யும். எனவே மின்னஞ்சல், வங்கிச் செயலிகளின் கணக்குகளிலிருந்து தனியாக வெளியேற வேண்டும். கைப்பேசி திரும்பக் கிடைத்தால், விண்ணப்பத்தின்போது தரப்பட்ட எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம்.

திருடப்பட்ட கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணைத் திருத்தி விற்பதும் உண்டு. தொலைத்தொடர்பு அடையாள எண்களைத் திருத்துவோருக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.