அஸ்ட்ரிட் கிர்ச்ஹெர்: ராக் ஒளிப்படக் கலையின் ஒரு தொடக்கம்

அஸ்ட்ரிட் கிர்ச்ஹெர் (1938–2020) ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர். பீட்டில்ஸ் குழு புகழ்பெறுவதற்கு முன்பு, 1960இன் இலையுதிர் காலத்தில், அதன் ஐந்து இளைஞர்களை அவர் எடுத்த படங்கள் ராக் இசையின் காட்சி வரலாற்றில் தனியிடம் பெற்றவை. இருந்தும் வெகுசன வரலாறுகளில் அவர் பெரும்பாலும் இரண்டு அடையாளங்களோடுதான் வருகிறார்: குழுவின் முதல் பேஸ் கிதார் கலைஞர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபின் காதலி, பீட்டில்ஸ் தலைமுடி அலங்காரத்தை உருவாக்கியவர். முதலாவது உண்மை, இரண்டாவதை அவரே மறுத்திருக்கிறார். இரண்டுமே அவருடைய தொழிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரு ராக் குழுவை எங்கே நிறுத்துவது, எந்த ஒளியில் பார்ப்பது, எந்த முகபாவத்தோடு உலகுக்குக் காட்டுவது என்ற கேள்விகளுக்குப் பின்னாளில் பொதுவழக்காகிவிட்ட விடையின் முக்கிய ஊற்று கிர்ச்ஹெரின் படங்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிர்ச்ஹெர் 1938 மே 20 அன்று ஹாம்பர்க்கில் பிறந்தார். போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக பால்டிக் கடற்கரைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் அவரும் ஒருவர். 1943 ஜூலையில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் எரிந்த நகரம் மெல்ல மீண்டெழுந்த ஆண்டுகளில் அவர் வளர்ந்தார். நவநாகரிக ஆடை, நெசவு, வரைகலை, விளம்பரம் ஆகியவற்றைக் கற்பித்த ஹாம்பர்க் கலைப்பள்ளியில் ஆடை வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்த ஆசிரியர் ரைன்ஹார்ட் வோல்ஃப், ஒளிப்படப் பிரிவுக்கு மாறச் சொன்னார். படிப்பு முடிந்ததும் 1959 முதல் 1963 வரை வோல்ஃபிடமே உதவியாளராகப் பணியாற்றினார். ஆக, 1960இல் பீட்டில்ஸ் இளைஞர்களைச் சந்தித்தபோது இருட்டறை வேலையும் ஒளியமைப்பும் அறிந்த, முறையாகப் பயின்ற கலைஞராக அவர் இருந்தார். அவர் பெயரை ஒரு காதல் கதையின் துணைப் பாத்திரமாக மட்டும் சொல்பவர்கள் இந்தப் பயிற்சியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அவருடைய அழகியலின் பின்புலம் பாரிஸ். போருக்குப் பின் வளர்ந்த ஜெர்மானிய இளைஞர்களில் ஒரு பகுதியினர், தம் நாட்டின் அண்மைக் கடந்தகாலத்திலிருந்து விலகி நிற்க விரும்பி பிரெஞ்சு இலக்கியத்தையும் திரைப்படத்தையும் நாடினர். சார்த்தரின் இருத்தலியம் அவர்களுக்குத் தத்துவமாக இருந்ததைவிடக் கூடுதலாக ஒரு வாழ்க்கைப் பாங்காக இருந்தது. கறுப்பு உடை, ழான் காக்தோவின் படங்கள், எளிதில் புன்னகைக்காத முகம் ஆகியவை அந்தப் பாங்கின் வெளி அடையாளங்கள். கிர்ச்ஹெர், அவருடைய நண்பர் கிளாஸ் ஃபோர்மன், சக மாணவர் யூர்கன் ஃபோல்மர் மூவரும் இந்த வட்டத்தினர். பின்னர் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் இவர்களை, இருத்தலியர் என்ற பொருளில், ‘எக்ஸிஸ்’ என்று அழைத்தார்.

1960இல் ஒரு நாள் இரவு சாங்ட் பவுலி பகுதியில் நடந்துகொண்டிருந்த ஃபோர்மன், கைசர்கெல்லர் என்ற நிலவறை விடுதியிலிருந்து வந்த இசையைக் கேட்டு உள்ளே போனார். பின்னர் கிர்ச்ஹெரையும் ஃபோல்மரையும் அழைத்துச் சென்றார். மாலுமிகளும் அடிதடிக்காரர்களும் நிறைந்த அந்தப் பகுதிக்கு நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பெண்கள் செல்வது அன்று வழக்கமில்லை. மேடையில் கண்ட பீட்டில்ஸ் ஐவரின் முகங்கள் கிர்ச்ஹெரை ஈர்த்தன. அப்போது அவருக்கு ஆங்கிலம் மிகக் குறைவு. ஃபோர்மன்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தார். படமெடுக்க அனுமதி கேட்டு, ஒரு நாள் பகலில் அவர்களை ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்ட் திடலுக்கு வரச் சொன்னார்.

அந்த இடத்தேர்வு விரிவாகப் பேசத் தக்கது. அது நகரின் பெரிய கேளிக்கைச் சந்தை கூடும் திடல். அருகில் போர்க்கால விமான எதிர்ப்புக் கோபுரங்கள் அப்போது இரண்டும் நின்றிருந்தன; ஒன்று இன்றும் நிற்கிறது. அக்காலத்து இசைக்குழு விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை: ஒரே மாதிரி கோட்டு, பளிச்சென்ற சிரிப்பு, முகமெங்கும் சமமாகப் பரவும் விளக்கொளி. கிர்ச்ஹெர் இவற்றையெல்லாம் நீக்கினார். இரும்பும் மரமும் கலந்த ராட்டின வண்டிகளின் நடுவே, மங்கிய பகலொளியில், கையில் கிதாரோடு ஐவரையும் நிறுத்தினார். எவரும் சிரிக்கவில்லை. கேட்க ஆளில்லாத வெட்டவெளியில் இசைக்கருவி ஏந்தி நிற்பவர்கள் கேளிக்கையாளர்களாகத் தோன்றாமல் தமக்கென ஓர் உலகம் உடையவர்களாகத் தோன்றுகிறார்கள். கிதாரோடு லெனன் முன்னால் தெளிவாகவும், சட்கிளிஃப் பின்னால் குவியத்துக்கு வெளியே கலங்கலாகவும் நிற்கும் படம் இவற்றில் மிகச் சிறந்தது. நண்பர்கள் இருவருக்கிடையே இருந்த நெருக்கத்தையும் தூரத்தையும் குவிய ஆழம் என்ற ஒற்றை உத்தியால் அது காட்டிவிடுகிறது.

கருவிக்கும் இதில் பங்குண்டு. கிர்ச்ஹெர் பயன்படுத்திய ரோலிகார்ட், இரட்டை லென்ஸ் கொண்ட சதுரச் சட்டகக் கேமரா. ஒரு சுருளில் 12 படங்களே எடுக்க முடியும். அதை மார்புக்கு அருகே பிடித்து, மேலிருந்து கண்ணாடித் திரையைக் குனிந்து பார்க்க வேண்டும். இதனால் எடுப்பவரின் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைவதில்லை. லென்ஸ் எதிரில் இருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. எதிரில் நிற்பவர் சற்று நிமிர்ந்து, நிதானமாக, தன் கனத்தோடு தெரிவார். அவசரமாகப் பல படங்களை எடுத்துத் தள்ள இக்கருவி இடம்கொடாது. அப்படங்களின் அமைதியில் ஒரு பகுதி இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது.

1960 நவம்பரில் கிர்ச்ஹெரும் சட்கிளிஃபும் திருமணத்துக்கு நிச்சயம் செய்துகொண்டனர். சட்கிளிஃப் 1961இல் குழுவிலிருந்து விலகி, ஹாம்பர்க் கலைக் கல்லூரியில் சிற்பி எடுவார்டோ பவுலோட்சியிடம் ஓவியம் பயின்றார். 1962 ஏப்ரல் 10 அன்று மூளை இரத்தக் கசிவால் 21 வயதில் இறந்தார். அதன் பிறகு அவர் ஓவியம் தீட்டிய மாடி அறையில் லெனனையும் ஜார்ஜ் ஹாரிசனையும் கிர்ச்ஹெர் படமெடுத்தார். லெனன் அமர்ந்திருக்க, ஹாரிசன் பின்னால் நிற்கிறார். பக்கவாட்டில் விழும் ஒளி முகத்தின் பாதியைக் காட்டி மறுபாதியை இருளில் விடுகிறது. ராக் ஒளிப்பட வரலாற்றில் துக்கத்தை இவ்வளவு நேராகப் பார்த்த படம் வேறு அரிது.

இந்தப் பாதியொளிதான் 1963 நவம்பர் 22 அன்று வெளிவந்த ‘வித் தி பீட்டில்ஸ்’ இசைத்தட்டின் உறையில் உலகெங்கும் பரவியது. அந்த உறைப்படத்தை எடுத்தவர் ராபர்ட் ஃப்ரீமன். தாம் முன்பு எடுத்திருந்த ஜாஸ் கலைஞர்களின் படங்களே அதற்கு அடிப்படை என்பது ஃப்ரீமன் தரப்பு. அதை மறுக்கத் தேவையில்லை. ஜாஸ் ஒளிப்படத்தில் பக்கவாட்டு ஒளிக்கு நெடிய மரபுண்டு. ஆனால் ஜன்னலொளி, கறுத்த பின்னணி, கழுத்துவரை மூடிய கறுப்பு ஸ்வெட்டர், சிரிக்காத முகம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்வது ஹாம்பர்க் படங்களின் உலகத்தில்தான். ஃப்ரீமனின் கேமரா முன் அமர்ந்தவர்கள் அப்படிப் பார்க்கப்படுவதற்கு ஏற்கெனவே பழகியவர்கள். செல்வாக்கு என்பது படமெடுப்பவர் வழியாக மட்டுமல்ல, படமெடுக்கப்படுபவர் வழியாகவும் பாயும் என்பதற்கு இது நல்ல சான்று.

தலைமுடிக் கதைக்கு வருவோம். ஃபோர்மன் முதலிய ஹாம்பர்க் கலை மாணவர்கள் ஏற்கெனவே அந்த அலங்காரத்தைக் கொண்டிருந்தனர். கிர்ச்ஹெர் சட்கிளிஃபுக்கு அவ்வாறு முடிவெட்டினார். லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் 1961இல் பாரிஸில் வெட்டியவர் ஃபோல்மர். தாம் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது அபத்தம் என்று கிர்ச்ஹெர் பலமுறை கூறியும் கதை ஓயவில்லை. ஒரு பெண் கலைஞரின் கண்ணைவிட அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை நினைவில் வைப்பது வரலாற்றெழுத்துக்கு வசதியாக இருந்திருக்கிறது. அவர் தனி விதிவிலக்கும் அல்லர். 1963இல் வெளிவந்த ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ தட்டின் உறையில், லண்டனின் குண்டுவீச்சுக்கு இரையான மனையொன்றில் நால்வரும் துள்ளிக் குதிக்கும் படத்தை எடுத்த ஃபியோனா ஆடம்ஸின் பெயரும் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை.

1964இல் ‘ஷ்டெர்ன்’ இதழுக்காக மாக்ஸ் ஷேலருடன் கிர்ச்ஹெர் இங்கிலாந்து சென்றார். ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படப்பிடிப்பையும், லிவர்பூலின் தெருக்களையும் அங்கிருந்த பிற இசைக்குழுக்களையும் பதிவுசெய்தார். இப்பணி அவரை முழுநேரச் செய்தி ஒளிப்படக் கலைஞராக நிலைநிறுத்தியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இதழ்கள் அவரிடம் பீட்டில்ஸ் படங்களை மட்டுமே கேட்டன. அந்தத் தொழிலில் பெண்ணாக ஏற்கப்படுவது கடினமாக இருந்ததைப் பின்னாளில் அவர் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். 1960களின் பிற்பகுதியில், முப்பது வயதை எட்டும் முன்பே, ஏறக்குறைய முற்றிலுமாகக் கேமராவை வைத்துவிட்டார்.

பொருளாதார நிலையும் இதோடு சேர்ந்தது. படங்களையும் நெகட்டிவ்களையும் அவர் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டிருந்தார். அவை உலகெங்கும் அச்சான அளவுக்கு அவருக்கு வருமானம் வரவில்லை. மதுவிடுதிப் பணியும் உள்ளலங்காரப் பணியும் செய்து அவர் வாழ்ந்தார். கலைஞரின் பெயர் படத்திலிருந்து கழன்றுவிட்டால் உரிமைத்தொகை மட்டுமல்ல, படைப்பாளி என்ற தகுதியும் கழன்றுவிடும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. 1990களில்தான் நிலை மாறத் தொடங்கியது. ஷேலருடன் சேர்ந்த ‘லிவர்பூல் டேஸ்’ 1994இலும், ஃபோர்மனுடன் சேர்ந்த ‘ஹாம்பர்க் டேஸ்’ 1999இலும் நூல்களாக வந்தன. 1994இல் வெளியான ‘பேக்பீட்’ திரைப்படம் அவர் பெயரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது. ஆனால் அதுவும் காதல் கதையையே முன்னிறுத்தியது. 2010இல் லிவர்பூலின் விக்டோரியா காட்சிக்கூடத்தில் அவருடைய படைப்புகளின் முழுமையான பின்னோக்குக் கண்காட்சி நடந்தது.

கிர்ச்ஹெர் 2020 மே 12 அன்று, 82ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, ஹாம்பர்க்கில் காலமானார். அவர் தீவிரமாக இயங்கிய காலம் பத்தாண்டுகூட இல்லை; படங்களின் எண்ணிக்கையும் பெரிதன்று. ஆயினும் ராக் ஒளிப்பட வரலாற்றை எழுதுவோர் அவரை ஒரு குழுவின் தோழியாக அடிக்குறிப்பில் வைக்காமல், அந்தக் கலையை உருவாக்கியவர்களில் ஒருவராக முதல் அத்தியாயத்தில் வைப்பதே முறை.